சொன்னேன், இப்போ சொல்லலை

முருகன்குறிச்சியில் ஒரு டெய்லர் இருந்தார். எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்த பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அந்த டெய்லரைச் சொல்லிவிட்டது, கூட வேலை பார்த்த அக்காதான். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார்.

“ஏட்டி, அந்த டெய்லரை நல்லாருக்குன்னு சொன்னேன்லா? இப்போ சொல்லலை. அவரு இப்போ வெட்டுததில்ல. புதுசா ஒரு பையன் வந்திருக்கான், அவன்தான் வெட்டுதான். துணி குடுக்கதும் குடுக்காததும் ஒங்க பாடு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். துணியைக் கொடுத்துவிட்டிருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் அவளையும் கூட்டிக்கொண்டு அக்கா அந்தக் கடைக்கே போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

“டெய்லரண்ணே, ஒங்க கடை நல்லாருக்குன்னு எங்க பிள்ளைகள்ட்ட சொல்லியிருந்தேன். இனிமே சொல்லமாட்டேன். ஒங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுல்லா, அதான் நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

டெய்லர் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுக் கேட்டார். “ஏம்மா, நீ நல்லாருக்குன்னு சொன்னதே எனக்குத் தெரியாதே?”

“அதுவும் என் தப்புதான்” என்றார் அக்கா. துணியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

இவ்வளவுதான் அவர் என்று சொல்லிவிடலாம். ஒன்றை நல்லது என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அத்தோடு வேலை முடிந்தது. அவருக்கு அங்கிருந்துதான் தொடங்கும். சொன்ன நிமிஷத்திலிருந்து அது அவர் கழுத்தில் ஏறிவிடும். இறக்கி வைக்கத் தெரியாது. கூட வேலை பார்த்த பிள்ளை ஒருத்திக்கு ஹாஸ்டல் பார்த்துக்கொடுத்தார் என்றால், வாரம் தவறாமல் அங்கே போய் சாம்பாரை ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு வருவார். வார்டன் அம்மாள் ஒருநாள், “நீ என்ன ஹெல்த் இன்ஸ்பெக்டரா?” என்று கேட்டுவிட்டார்களாம். “இல்லம்மா, சொல்லிவிட்ட ஆளு” என்றாராம் இவர்.

எனக்கு இது புரியவே இல்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் வந்த எதையும் நம்பினேன். படித்தவர்கள் ஒன்றை நல்லது என்றால் அது நல்லதுதான், நாலு தரம் யோசிக்க நாம் யார் என்று நினைத்து வளர்ந்தவன். இவர் என்னடா என்றால் தன் வாயால் சொன்னதையே நம்பாமல் அலைகிறார்.

அக்கா விக்கிரமசிங்கபுரம். மில் தொழிலாளி மகள். அங்கிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ். பாபநாசத்திலிருந்து வருகிற வண்டியில் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே வருவார். சீட் இருந்தாலும் அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் எழுந்து யாருக்காவது கொடுத்துவிடுவார். உட்காரத் தெரியாத பெண்பிள்ளை என்று கண்டக்டர்களே பேசிக்கொள்வார்கள். வீட்டில் அப்பா மட்டும்தான். ஆயுசு பூராவும் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்து, இப்போது இருமல். பகல் முழுவதும் தனியாகக் கிடப்பார். அதனால் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் முதலாளி அம்பாசமுத்திரத்தில் ஒரு கிளை திறக்க இருந்தார். அதை அக்கா பொறுப்பில் விடுவதாகச் சொல்லியும் இருந்தார். அது மட்டும் நடந்துவிட்டால் மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு வரலாம். அந்தக் கிளையைத்தான் பிறகு தன் வாயாலேயே பணயம் வைத்தார்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். சேரன்மகாதேவிப் பக்கத்து வயலை விற்றுக் கம்ப்யூட்டர் வாங்கியவர். வயலை விற்றதற்கு அவர் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை என்பார்கள். நல்ல மனுஷர். அவரே புரோகிராம் எழுதுவார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஆற்றோரமாகப் பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரைக்கும் பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. எல்லோரும் ஒரே மாதிரி வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். அரிசி மில்லுக்குக் கணக்கு, பள்ளிக்கூடத்துக்கு மார்க், சொசைட்டிக்குப் பெயர்ப் பட்டியல். எல்லாப் புரோகிராமுக்குள்ளும் ஒரே மாதிரித் துண்டுகள் தேவைப்பட்டன. ரூபாயை எழுத்தில் போட ஒன்று, தேதி சரியா என்று பார்க்க ஒன்று, பெயர்களை அகரவரிசையில் அடுக்க ஒன்று. மாட்யூல் என்போம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அப்படியே எடுத்துத் தன் புரோகிராமில் ஒட்டிக்கொள்ளலாம். ஆளாளுக்கு எழுதி ஏன் சாக வேண்டும் என்று அண்ணாச்சிதான் யோசனை சொன்னார். எங்கள் சென்டரில் ஒரு பிஸ்கட் டின் வைத்தோம். யார் வேண்டுமானாலும் ஃபிளாப்பியில் போட்டு வைக்கலாம். யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துப் போகலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிக் காப்பி குடிப்போம்.

சீக்கிரமே அந்த டின் குப்பைத்தொட்டி ஆகிவிட்டது. ரூபாயை எழுத்தில் போடுவதற்கே பல மாட்யூல்கள். ஒன்று லட்சத்தைத் தாண்டினால் நின்றுவிடும். ஒன்று கோடியைப் பார்த்ததே இல்லை. எதை எடுப்பது, எதை விடுவது? அப்போதுதான் அக்கா ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

தான் ஓட்டிப் பார்த்து, பரவாயில்லை என்று பட்டதற்குப் பச்சைப் பொட்டு. எடுக்காதே என்பதற்குச் சிவப்பு. பார்க்காததற்கு ஒன்றும் கிடையாது. பச்சைப் பொட்டு வைத்த ஃபிளாப்பியோடு ஒரு துண்டுச் சீட்டும் ரப்பர் பேண்டில் இருக்கும். அதில் ‘நல்லது’ என்ற வார்த்தையை நான் பார்த்ததில்லை. எதற்கு ஆகும், எதைக் கொடுத்து ஓட்டினேன், எங்கே போய் விழும் என்று மட்டும் இருக்கும். எழுதினவனை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கவே மாட்டார். “நீ பக்கத்துல நின்னா எனக்குக் கை சரியான கீயிலதான் போகும். போய் டீ குடிச்சுட்டு வா” என்று விரட்டிவிடுவார். நாங்கள் ஏஏஏ, பிபிபி என்று எதையாவது அடித்துச் சோதிப்போம். அவர் நிஜப் பெயர்களைத்தான் அடிப்பார். மில் குடியிருப்பில் லைன் லைனாக இருக்கிற வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

பையன்கள் கேலி செய்வார்கள். “என்னடே, ஒன் மாட்யூலுக்குப் பொட்டு வச்சாச்சா? எப்போ கல்யாணம்?” என்பார்கள். அவர் சட்டை செய்ததில்லை. ஆனால் சில நாள் விடிந்ததும் வந்து, முந்தின வாரம் வைத்த பச்சைப் பொட்டை நகத்தால் உரித்துக்கொண்டிருப்பார். “பஸ்ல வரும்போது தோணிச்சு. பிப்ரவரி இருபத்தொம்பதைக் குடுத்துப் பாக்கலைலா. பொட்டை எடுத்துட்டேன்.”

அண்ணாச்சி பதறுவார். “தாயி, பொட்டை எடுத்துட்டேன்னு வெள்ளிக்கிழமையும் அதுவுமா சொல்லாத. வேற மாதிரி சொல்லு.”

“வேற எப்படிச் சொன்னாலும் எடுத்தது எடுத்ததுதான அண்ணாச்சி?”

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னால்தான் இதன் இன்னொரு பக்கம் தெரியும். தன் கூடப் படித்த பெண் ஒருத்திக்குச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளையைச் சொல்லிவிட்டிருக்கிறார். பூ வைத்தாகிவிட்டது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. இவர் காதில் ஏதோ விழுந்தது. பையன் ஒரு வேலையில் நிலைக்க மாட்டான் என்று. நேரே பெண் வீட்டுக்குப் போனார். “நான் நல்ல பையன்னு சொன்னேன். இப்போ சொல்லலை” என்றார். வீடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெண்ணின் அம்மா இவரைப் பார்த்து, “நீ வாயைத் தெறந்ததே தப்பு, இப்ப மூட வந்தியாக்கும்” என்று கேட்டார்களாம். கல்யாணம் நடந்தது. அந்தப் பையன் அதே வேலையில் நிலைத்து, அவளை நன்றாகத்தான் வைத்திருந்தான். அது தெரிந்ததும் அக்கா மறுபடி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார், இரண்டாவதாகச் சொன்னதும் தப்பு என்று சொல்ல. கதவை முழுசாகத் திறக்கவில்லையாம்.

“என்னத்துக்குக்கா போனிய? அவங்களுக்கே தெரியும்லா?”

“தெரியும். எனக்குத் தெரிஞ்சதுன்னு அவங்களுக்குத் தெரியணும்லா?”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிநேகிதி பிறகு பஸ்ஸில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அன்றைக்கு அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இனி அந்த மாட்யூல்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். பீடி சுற்றுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி உண்டு. அதற்குப் பெயர்ப் பட்டியல் தயார் பண்ணுகிற வேலை எங்கள் சென்டருக்கும் இன்னும் சில சென்டர்களுக்கும் வந்தது. பல பீடிக் கடைகளிலிருந்து பெயர்கள் வரும். ஒரே ஆள் இரண்டு தரம் வந்துவிடுவது சகஜம். அண்ணாச்சி அதற்கு ஒரு மாட்யூல் எழுதினார். பெயர், இனிஷியல், கதவு எண், ஊர் எல்லாம் ஒன்றாக இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். அக்கா அதை நாள் கணக்கில் போட்டு உருட்டினார். பிறகு பச்சைப் பொட்டு வைத்தார். டின்னிலிருந்து அதிகம் பேர் காப்பி எடுத்துப்போனது அதைத்தான். அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம தாயி பொட்டு வச்சதுக்கு அப்பீலே கிடையாதுவே” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அம்பாசமுத்திரத்துக் கிளைக்குப் போர்டு எழுதக் கொடுத்தது அந்த வாரம்தான்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வாசல், நடுவில் ஒரு சுவர். அம்மா சொளவு முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே சொன்னாள், என் தங்கைக்கு உதவி வந்துவிட்டது என்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சித்தி குரல் கொடுத்தாள்.

“எம் மகளுக்கு வரலை ராசா. பட்டியல்ல என் பேரே இல்லையாம். பத்து பாஸ் பண்ணி என்ன செய்ய? வரலைன்னா நீயும் ஒரு சொளவை எடுத்து மடியில வையின்னு சொல்லிட்டேன்.”

என் அம்மா பெயர் பேச்சியம்மாள். சித்தி பெயரும் பேச்சியம்மாள். அப்பாவும் சித்தப்பாவும் இரண்டு மாமன்களின் மகள்களைக் கட்டினார்கள். அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே ஆச்சியின் பெயரை வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் இது அதிசயமே இல்லை. அப்பா சுப்பையா, சித்தப்பா சுடலை. புருஷன் பெயரின் இனிஷியலை ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டும் ஒரே எழுத்து. கதவு எண்ணும் ஒன்று.

திங்கட்கிழமை அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நான் பாத்தேனே தம்பி. எங்க லைன் பூராவும் போட்டுப் பாத்தேனே.” பிறகு தனக்கே சொல்வதுபோல, “லைன் வீட்டுல ஒரு நம்பருக்கு ஒரு அடுப்பு. ஒரு நம்பருக்குள்ள ரெண்டு அடுப்பு எரியும்னு எனக்குத் தோணவே இல்லையே” என்றார்.

நம்புவதற்கு அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். மறுநாளே எங்கள் ஊருக்கு வந்தார். அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா எதிரே குத்தவைத்து விஷயத்தைச் சொன்னார். அம்மா சிரித்த சிரிப்பில் தூள் பறந்தது.

“நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா? எங்க மாமியா இருந்தவரைக்கும் பேச்சின்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் போய் நிப்போம். அவளுக்கே யாரைக் கூப்பிட்டோம்னு தெரியாது. நீங்க மிசினைப் போய்க் குத்தம் சொல்லுதிய.”

சித்தி சிரிக்கவில்லை. “பீடிக் கடையில பெரிய பேச்சி, சின்னப் பேச்சின்னுதான் எழுதுவாவ. ஒங்களுக்கு அதைக் கேக்கணும்னு தோணலையாக்கும்?”

“தோணலை சித்தி” என்றார் அக்கா. என் சித்தியை அவர் சித்தி என்றே கூப்பிட்டார். “இந்தத் தெருவுல இப்படி வேற யாரு இருக்காவ?”

சித்தி கையிலிருந்த இலையை வைத்துவிட்டுத் தெருவைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். “எந்த வீட்டுல இல்லைன்னு கேளுங்க” என்றாள்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே கலங்கிப்போனார். எழுதியவர் அவர்தானே. ஆனால் வியாபாரி அல்லவா, சீக்கிரம் தேறிவிட்டார்.

“இவன் சித்தி பேரைச் சேத்திருவோம். நம்ம ஆளுக பேரையெல்லாம் பழைய சீட்டைப் பாத்துச் சரிபண்ணிருவோம். மாட்யூலையும் திருத்திப் பைய டின்னுல மாத்தி வச்சிரு. போட்டதும் தெரியாம எடுத்ததும் தெரியாம முடிஞ்சிரும்.”

“மாத்தி வச்சா இனிமே எடுக்கவன் தப்பிச்சான் அண்ணாச்சி. எடுத்துட்டுப் போனவன்?”

“அவன் அவன் பாத்துக்கிடுவான்.”

“எப்படிப் பாப்பான்? நான் பாத்துட்டேன்னு பொட்டு வச்சுக் குடுத்தேனே. அதனாலதான அவன் பாக்கலை?” அக்கா என்னைக் காட்டினார். “இவன் இங்கன வேலை பாக்கான், இவன் சித்திக்குத் தெரிஞ்சிச்சு. எல்லாச் சித்திக்கும் இங்கன ஒருத்தன் வேலை பாக்கானா?”

அண்ணாச்சி குரலை இறக்கினார். “தாயி, யோசிச்சுப் பேசு. ஊர் ஊராப் போய், நாங்க குடுத்தது தப்புன்னு சொன்னா, அப்புறம் எவன் இந்த டின்னைத் தொடுவான்? அம்பாசமுத்திரத்துல கிளை திறக்கப் போறோம். எந்த மூஞ்சிய வச்சுட்டுத் திறக்க? அந்தக் கிளை யாருக்குன்னு ஒனக்கே தெரியும்லா.”

தெரியும். அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்கா டின்னை எடுத்து அந்த ஃபிளாப்பியில் இருந்த பொட்டை உரித்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமையா என்று யாரும் பார்க்கவில்லை.

யார் யார் காப்பி எடுத்தார்கள் என்று எங்குமே எழுதி வைத்திருக்கவில்லை. எடுப்பது இலவசம், எழுதி வைப்பானேன் என்று விட்டிருந்தோம். அதனால் பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் இறங்குவது என்று ஆனது. லீவு கேட்கவில்லை. வருகிறாயா என்று என்னையும் கேட்கவில்லை. நானாகப் போனேன்.

சேரன்மகாதேவியில் இருந்த பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் பட்டியலுக்குப் போட்டிருக்கிறான். “ரெண்டு சங்கரன்ல ஒருத்தன் காணாமப் போனா யாருக்குக்கா நட்டம்?” என்றான். அக்கா அவன் திருத்தி முடிக்கும்வரை நாற்காலிக்குப் பின்னால் நின்று நாற்காலியின் முதுகை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அம்பாசமுத்திரத்தில் இறங்கினோம். புதுக் கிளைக்குப் பார்த்திருந்த மாடியின் கீழாகத்தான் நடந்தோம். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. கடையத்தில் சென்டர் பூட்டியிருந்தது. பக்கத்து மருந்துக் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். “யார்ட்ட சொன்னேனோ அவங்கள்ட்டதான் சொல்லணும். மருந்துக் கடைக்காரரு என்னத்தைச் சொல்லுவாரு?” என்று படியிலேயே காத்துக் கிடந்தார். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் அந்த ஆளும் வந்தார். அவர் எடுக்கவே இல்லையாம்.

தென்காசியில்தான் நாங்கள் பயந்தது நடந்திருந்தது. சென்டர்காரர் நடுவயதுக்காரர். அவரும் சம்சாரமும் சேர்ந்து சுற்றுப்பட்ட ஊர்களின் பீடிப் பட்டியல் மொத்தத்தையும் அடித்து, இந்த மாட்யூலைப் போட்டு அழித்து, பழைய ஃபிளாப்பிகளையும் துடைத்து வேறு வேலைக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். பட்டியல் இன்னும் போய்ச் சேரவில்லை. கட்டிவைத்துத் தயாராக இருந்தது. கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

“ஏம்மா, நான் ஓட்டிப் பாக்கத் தெரியாத ஆளா? ஓட்டிப் பாத்திருப்பேன். பச்சைப் பொட்டைப் பாத்தேன். சரி, அந்தப் பிள்ளை வச்சிருக்குன்னு கண்ணை மூடிட்டுப் போட்டேன். இப்ப வந்து சொல்லலைங்கியே, இது என்ன வெளையாட்டா?”

“தப்புதான் அண்ணே.”

“தப்புன்னா? யாரு உக்காந்து அடிக்க? காகிதம் பூராவும் சாக்குல கெட்டிக் கெடக்கு!”

அக்கா சாக்கை அவிழ்த்தார். நான் பீடிக் கடைச் சீட்டுகளை வாசிக்க வாசிக்க, காணாமல் போன பெயர்களை அவர் அடித்தார். பேச்சியம்மாள், இசக்கியம்மாள், சுடலைவடிவு, மறுபடி பேச்சியம்மாள். அந்த மனிதர் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டே உலாத்தினார். பிறகு அவரும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் பஸ்ஸுக்கு எழுந்தோம், மறுநாள் காலையில் வந்தோம். முடியும்வரை அப்படித்தான். அந்த நாட்களில் அக்கா வீட்டில் அவருடைய அப்பாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் பஸ்ஸில் அவரே சொன்னார். “பக்கத்து வீட்டு அம்மாட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். நல்லாப் பாத்துக்கிடும்னு...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

பட்டியல் ஒழுங்காகப் போயிற்று. எங்கள் சென்டரில் அடித்ததையும் திருத்திக் கொடுத்தோம். சித்தி மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லா ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே அக்கா எழுந்து சொன்னார். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் சொன்னார். “அந்த மாட்யூலை எடுங்கன்னு சொன்னேன். இப்போ சொல்லலை. நான் ஓட்டிப் பாத்தது எங்க லைன் வீட்டை வச்சு. அதை நான் சீட்டுல எழுதியிருக்கணும். எழுதலை.”

அண்ணாச்சி அவரை ஓரமாகக் கூப்பிட்டார். ஓரம் என்றாலும் சின்ன இடம், எல்லோருக்கும் கேட்டது.

“என் புரோகிராமைக் குத்தம் சொன்னதுக்கு இல்ல தாயி. அது குத்தம்தான். நான் வேண்டாம்னு சொல்லியும் போனே பாரு. கிளைன்னு ஒண்ணை ஒருத்தர் கையில குடுத்தா, அவுக கடையைத் தாங்கணும். நீ வேற எதையோ தாங்குதே. அம்பாசமுத்திரத்துக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன். நீ இங்கனயே இரு.”

“சரி அண்ணாச்சி” என்றார் அக்கா. அவ்வளவுதான். இனியும் அதேதான். தினமும் அந்த பஸ். தினமும் அந்த இருமல் தனியாக. ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். டம்ளர்களை எடுத்து வைத்தேன்.

கலைகிற நேரத்தில் தென்காசிக்காரர் அக்காவிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார்.

“நானே எழுதினேன். இது எதையும் அழிக்காது. ஒரே மாதிரிப் பேர் ரெண்டு வந்தா ரெண்டையும் திரையில காட்டி, யாரு என்னன்னு நம்மட்டயே கேக்கும். நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னாத்தான் டின்னுல வைப்பேன்.”

அண்ணாச்சி அங்கிருந்தே திரும்பிப் பார்த்தார். அக்கா ஃபிளாப்பியை வாங்கினார். வழக்கமாக, இது எதுக்கு என்றுதான் முதலில் கேட்பார். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

“இதை ஏற்கெனவே யாருக்காவது குடுத்தியளா அண்ணே?”

அவர் தலையைச் சொறிந்தார். “சும்மா... கடையத்துக்காரருக்கு ஒண்ணு குடுத்தேன். ஆலங்குளத்துல என் மச்சினனுக்கு ஒண்ணு. ஏன்?”

அக்கா ஆணியில் மாட்டியிருந்த பையைத் தோளில் எடுத்துப் போட்டு, செருப்பைத் தேடிக் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லதா கெட்டதான்னு நீ இன்னும் ஓட்டியே பாக்கலையே தாயி!” என்றார் அண்ணாச்சி.

“பாக்கலை” என்றார் அக்கா, படியில் இறங்கிக்கொண்டே. “அதைத்தான் அவங்ககிட்ட போய்ச் சொல்லணும்.”